கையில் ஒரு ரீங்காரம்

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் சம்மதித்தால் மட்டும், முன்கையில் புடைத்திருக்கும் ரத்தக்குழாயின் மேல் விரலை மெல்ல வையுங்கள். கிர்ர்ர் என்று அதிரும். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவரும் தமனியைப் பக்கத்துச் சிரையோடு அறுவை சிகிச்சையில் இணைத்துவிடுவார்கள். அந்த வேகத்தில் சிரை சில வாரங்களில் தடித்துப் பெருக்கும். வழக்கமாக வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அதில் இரண்டு ஊசிகள் ஏறும். ஒன்றின் வழியே ரத்தம் எந்திரத்துக்குப் போகும். மற்றொன்றின் வழியே சுத்தமாகித் திரும்பும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கமாட்டார்கள், கனமான பை தூக்கமாட்டார்கள். காலையில் எழுந்ததும் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராகிறது. மிச்சம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்த நுண்வடிகட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். பழுதானது மீளாது. பலருக்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமே பல வருடம் தாங்கும். சிறுநீரகங்கள் ஏறக்குறைய முழுக்கக் கைவிட்டால்தான் டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

வெந்நீரில் போட்ட தேயிலைப் பையைப் பாருங்கள்: சாறு வெளியே வரும், தூள் உள்ளேயே நிற்கும். எந்திரத்திலும் அதுதான் நடக்கிறது. மெல்லிய இழைக்குழாய்களுக்குள் ரத்தம் ஓட, வெளியே உப்புகள் அளந்து கலந்த நீர் ஓடும். யூரியா போன்ற சிறு கழிவுகள் நுண்துளை வழியே நீருக்குப் போய்விடும். ரத்த அணுக்கள் உள்ளேயே தங்கிவிடும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் நீர் செலவாகும்.

நெதர்லாந்தில் டாக்டர் வில்லெம் கோல்ஃப், உலகப்போருக்கு நடுவே, 1943-லேயே இப்படி ஓர் எந்திரம் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயைக் கீறவேண்டும். எத்தனை முறைதான் கீறுவது? 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், ‘ப’ வடிவத்தில் வளைத்த டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்தினார். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். அதை முதலில் அணிந்தவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற எந்திரத் தொழிலாளி. சாகக் கிடந்த மனிதர், அதற்குப் பின் 11 ஆண்டுகள் இருந்தார். ஃபிஸ்டுலா வந்தது 1966-ல்.

எந்திரங்கள் அப்போது சொற்பம். யாருக்குக் கொடுப்பது என்று சியாட்டிலில் ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுத்தது. சிறுவர் சிறுமியருக்கு இடமில்லை என்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆல்பர்ட் பாப் என்ற பொறியியல் பேராசிரியருக்கும் வந்திருக்கவேண்டும். அப்படி இடம் கிடைக்காத ஒரு பள்ளி மாணவிக்காக, 1964-ல் அவரும் அவருடைய குழுவும் சில மாதங்களிலேயே வீட்டில் வைத்துக்கொள்ளும் எந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார்கள். கோளாறு வந்தால் அதுவே எச்சரிக்கும்.

ஒரு கணக்கு: சிறுநீரகம் வாரத்தில் 168 மணி நேரமும் உழைக்கும், எந்திரம் 12 மணி நேரம்தான். இடையில் அதிகம் சேராமல் வாய்தான் காக்கவேண்டும். சிறுநீர் குறைந்தவர்களுக்கு ரசமும் மோரும் காபியும்கூடத் தண்ணீர்க் கணக்கில் சேரும். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறிவிட்டால் இதயத்துடிப்பே தடுமாறும். காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைப்பது அதனால்தான். கல்யாண வீட்டில் இளநீர் வேண்டாம் என்கிற மாமாவிடம் “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சாதீர்கள். இந்தப் பத்தியமெல்லாம் அவருக்கு. நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம்.

கல்லீரலின் சங்கதி வேறு. டயாலிசிஸ் போல வருடக்கணக்கில் அதன் வேலையைச் செய்ய எந்திரம் கிடையாது. ஆனால் அது வளரும்! பாதியைத் தானமாகக் கொடுத்தாலும் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். 2000-ல் மாற்றுக் கல்லீரல் பெற்ற அமெரிக்க வீரர் கிறிஸ் கிளக், 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

மாற்று உறுப்பு பெற்ற வீரர்களில் என் மனசுக்குப் பிடித்தவர் ஏரிஸ் மெரிட். 2012-ல் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.80 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தவர். அடுத்த ஆண்டு சிறுநீரக நோய் என்று தெரிந்தது. 2015-ல் பெய்ஜிங் உலகப் போட்டியில், சிறுநீரகங்கள் 20 சதவீதம்கூட வேலை செய்யாத நிலையில் ஓடி வெண்கலம் வென்றார். நான்கு நாள் கழித்து அறுவை சிகிச்சை; சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய சகோதரி. உடல் அதை அந்நியமென்று எதிர்க்காதிருக்கத் தினமும் மாத்திரை விழுங்கவேண்டும். மறு ஆண்டு ஒலிம்பிக் வாய்ப்பு 0.01 விநாடியில் நழுவியது. 2017-ல் லண்டன் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்தார்.