கேடயமும் தருமமும்



றக்பி என்றதும் நம் நாட்டவர் பலருக்கு நினைவில் எழுவது பிராட்பி கேடயப் போட்டியாகும். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் அதற்காகப் பொருதி வருகின்றன. றக்வானையிலுள்ள எம் போன்ற அரசினர் பாடசாலைகளின் மாணவர்க்கு அது பத்திரிகையிற் படித்தறியும் விளையாட்டேயாம். யான் இன்று கூற எடுத்துக்கொண்டதோ அதனினும் தொலைவான ஒன்று. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சார்ந்த இரு கழகங்கள், பருவம் தொடங்குமுன் தருமத்தின் பெயரால் ஆண்டுதோறும் ஆடும் ஆட்டம் அது.

அங்கே ஆடப்படுவது 'றக்பி லீக்' எனும் வகை. நம் நாட்டுக் கல்லூரிகள் ஆடும் 'றக்பி யூனியன்' வகையில் ஓர் அணிக்குப் பதினைவர், லீக்கில் பதின்மூவர். பந்துடன் ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தினால், அவன் எழுந்து பந்தைக் காலாற் பின்னே தள்ள, ஆட்டம் தொடரும். ஆறு முறை அவ்வாறு பிடிபட்டால் பந்து மறுதரப்புக்கு உரியதாகும்.

ஒரே விளையாட்டு ஏன் இரண்டாய்ப் பிரிந்தது? நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாவிடின் பேரே இல்லை. இதனை அறிந்த நேயர்க்குக் காரணம் எளிதில் விளங்கும். வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் சனிக்கிழமையும் வேலை செய்தனர். ஆடப் போனால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதி வேண்டுமென யோர்க்ஷயர்ப் பகுதியினர் 1893 இற் கொணர்ந்த தீர்மானம் 282 க்கு 136 என்ற வாக்குகளால் தோற்றது. பணம் பெற்று ஆடுவது கனவான்களுக்கு அழகன்று என்பது தென்பகுதியாரின் வாதம். வீட்டில் உலை கொதிப்பதுபற்றிக் கவலையில்லாதவர்க்கு அவ்வாறு பேசுதல் எளிது. 1895 ஓகஸ்ட் 29 ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனிவழி சென்றன. நாளொன்றுக்கு ஆறு சிலிங் வரை ஈடு வழங்கலாமென முடிவாயிற்று. ஓர் அணிக்குப் பதின்மூவர் என்ற விதி 1906 இல் வந்தது.

சிட்னியிலும் கதை ஏறக்குறைய இதுவே. ஆட்டத்திற் காயமுற்று வேலையிழந்தோர்க்கு உதவி கிடையாமை மனக்கசப்பை வளர்க்க, 1907 இற் புதிய சங்கம் தோன்றி, 1908 இல் முதற் பருவம் நடந்தது. அதில் வாகை சூடியது சவுத் சிட்னிக் கழகம். றெட்பேர்ன் முதலிய உழைப்பாளர் குடியிருப்புகளே அதன் தாயகம். அதன் வீரரை 'றபிற்றோஸ்' என அழைப்பர். தெருத்தெருவாய் முயலிறைச்சி கூவி விற்றோரைக் குறித்த பெயர் அது. எதிரணியான சென் ஜோர்ஜ் 1921 இற் களம் புகுந்தது. 1956 முதல் 1966 வரை பதினோராண்டுகள் இடையறாது வென்ற கழகம் அது! 1965 இறுதியாட்டத்தில் இவ்விரண்டும் மோதியபோது சிட்னிக் கிரிக்கெற் மைதானத்தில் 78,056 பேர் திரண்டனர். சென் ஜோர்ஜ் 12 க்கு 8 என வென்றது.

இத்தகைய பழம் பகையை நற்பணிக்குப் பயன்படுத்தும் ஏற்பாடே 1980 களின் தொடக்கத்தில் எழுந்த தருமக் கேடயம். பெரும்பாலும் பெப்ரவரியில் இவ்வாட்டம் நடைபெறும். பருவப் புள்ளிகள் இதிற் சேரா. பயிற்றுநர் இளையோரைக் களமிறக்கிச் சோதித்துப் பார்ப்பர். ஆயினும் எதிரே நிற்பவர் யாரென்பதை எவரும் மறப்பதில்லை. 2018 இலிருந்து சில ஆண்டுகள், நகரை விட்டு மட்ஜி எனும் நாட்டுப்புற ஊரில் ஆடினர். பெருங்கழகங்களைத் தொலைக்காட்சியிலேயே கண்ட ஊரார்க்கு அது திருவிழாவன்றி வேறென்ன?

தருமம் என்ற சொல்லைப் பெயரில் வைத்தாற் கணக்கும் வைக்கவேண்டும். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1908 முதல் நடத்திய தருமக் கேடயத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அனுமதிச் சீட்டு விற்ற பணத்தில் எவ்வளவு அறப்பணிக்குச் செல்கிறதெனச் சங்கம் தெளிவாய் அறிவிக்கவில்லை. கொடுப்பதிலும் காலதாமதம் செய்தது. அறக்கொடைகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழு குறைகண்டது. 2002 இற் பெயரையே 'சமூகக் கேடயம்' என மாற்றினர். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் நிதி திரட்டப் பந்தாட்டம் நடத்தும் நம் இரத்தினபுரி மாவட்ட மன்றங்களும் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

பகைவர்களில் ஒருவர் இல்லாதொழிந்தாற் கேடயமும் இல்லை. அந்நிலை சவுத் சிட்னிக்கு நெருங்கி வந்தது. கழகங்களின் தொகையைப் பதினான்காகக் குறைத்தபோது, 1999 இல் அக்கழகம் நீக்கப்பட்டது. சென் ஜோர்ஜோ அண்டைய இலவாராக் கழகத்துடன் இணைந்து தன் இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது. சவுத் சிட்னியின் ஆதரவாளர் பல்லாயிரவராய்ச் சிட்னி வீதிகளில் ஊர்வலம் வந்தனர், வழக்கும் தொடுத்தனர். 2001 இற் சமஷ்டி நீதிமன்ற மேன்முறையீட்டில் வென்று, 2002 இல் மீண்டும் களமிறங்கினர். விந்தை யாதெனில், 2003 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆயினும் கழகத்தை எவரும் வெளியேற்றவில்லை. 1971 க்குப் பின் கைகூடாதிருந்த வாகையை 2014 இல் அது மீண்டும் சூடிற்று.