360 சதுர அடியில் அடங்குமா ஒரு குடும்பம்? தஞ்சை வட்டாரப் பெண்களின் சாமர்த்தியம்!

தஞ்சை,-

"சின்ன வீடு" என்றதும் சிரிக்காதீர்கள். பாக்யராஜ் படத்தின் கதை அல்ல இது. நிஜமாகவே சின்ன வீடு!

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. குடிசைக் கூரைகள் பறந்தன.

கீற்றுக் கொட்டகை இருந்த பல இடங்களில் இப்போது காங்கிரீட் வீடு. மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 270 சதுர அடி. 2024-ல் தமிழக அரசு அறிவித்த "கலைஞரின் கனவு இல்லம்" 360 சதுர அடி.

மழை ஒழுகாது. சரி. சாமான்களை எங்கே வைப்பது?

பத்தாயம் போச்சு

டெல்டாவின் பழைய வீடுகளில் இந்தக் கவலை இல்லை. கூடத்தில் மரப் பத்தாயம் நிற்கும். உள்ளே நெல். அடியில் சின்னக் கதவு. மேலே ஏறிப் படுத்துத் தூங்கவும் செய்தார்கள். ஒரே சாமான், இரண்டு வேலை! சுவரில் விளக்கு மாடம். தலைக்கு மேல் பரண். உத்தரத்தில் தொங்கும் உறியில் தயிர்ப் பானை. பூனைக்கு எட்டாது.

இன்றைக்கு அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயம் விலைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த யோசனை மட்டும் மிச்சம்.

"பரண் எதுக்கு தங்கச்சி?"

ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். கணவர், மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், சின்னப் பையன் என்று 5 பேர் கொண்ட குடும்பம். சுவர் எழும்பும்போதே வீட்டுக்காரம்மாள் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பூசறதுக்கு முந்தி செவுத்துல ரெண்டு மாடம் வுட்டுடுங்க. லிண்டல் மட்டத்துல பரணும் போட்டுடுங்க."

"பரண் எதுக்கு தங்கச்சி? கம்பி, சிமெண்டு செலவு ஏறும்."

"எங்க அத்தைக்கு முட்டி வலி. கீழ படுத்தா எந்திரிக்க முடியல. கட்டில் போட எடம் வேணும்னா சாமான் மேல ஏறணும்ணே."

கொத்தனார் மறுபேச்சு பேசவில்லை.

அம்மாள் கேட்ட நேரம் சரியான நேரம். பூசிய பிறகு உளியை எடுத்தால் சுவரும் கெடும், கூலியும் தண்டம். 9 அங்குலச் சுவரில்தான் மாடம் விட முடியும். நாலரை அங்குலச் சுவர் என்றால் கடப்பைக்கல் பலகைதான் கதி. 10 அடி உயர அறையில் 7 அடியில் பரண் போட்டால் மேலே சுமார் 3 அடி கிடைக்கும். அண்டாவும் பொங்கல் பானையும் அங்கே. தினம் எடுக்கிற சாமானைப் பரணில் ஏற்றினால் தினம் ஸ்டூல் ஏற வேண்டும், ஜாக்கிரதை!

கொலுப் படி ரகசியம்

தஞ்சை நகரில் ஒற்றை அறைக் குடித்தனங்களில் நவராத்திரிக்குக் கொலு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? டிரங்குப் பெட்டி, அரிசி டின், பலகை. மேலே வெள்ளை வேட்டி. படி தயார்! வீட்டுச் சாமான் பாதி அந்தப் படிக்குள் ஒளிந்திருக்கும்.

நம் அம்மாள் அதை வருஷம் முழுக்கச் செய்துவிட்டார். இரண்டு பெட்டிகளைச் சுவரோரம் போட்டு, மேலே பவானி ஜமக்காளம் விரித்தார். பகலில் வருகிறவர்களுக்குத் திண்ணை. உள்ளே போர்வை, குளிர்காலத் துணி. மாடத்தில் ஒரு தலையாட்டி பொம்மை. அலங்காரம் அவ்வளவே. போதாதா?

ஆனால் வயசுப் பெண் உடை மாற்ற ஒரு மறைவு வேண்டுமே? பழைய சுங்குடிச் சேலை, நீளமாக ஒரு கம்பி. இழுத்தால் அறை இரண்டு!

பரீட்சை நேரத்தில் ராத்திரி 11 மணிக்கும் அந்தத் திரைக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிகிறது. அந்தப் பக்கம் பாட்டியின் குறட்டை. இந்தப் பக்கம் பேத்தியின் அல்ஜீப்ரா.