'ஓரமாப் போ கண்ணு!' - சிக்னலில் மட்டும் அந்த ஓரம் வேண்டாம்

காலை எட்டரை மணி. சிக்னலில் சிவப்பு விளக்கு. நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதில் நுழைந்து நிற்கிறது ஒரு சைக்கிள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்தான். 'ஓரமாப் போ' என்று வீட்டில் சொல்லி அனுப்பியதைத்தான் அந்தப் பிள்ளை செய்கிறது. ஆனால், சிக்னலில் மிக ஆபத்தான இடங்களில் ஒன்று அதுதான்.

ஏன் ஆபத்து?

பேருந்தோ லாரியோ இடதுபக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரம் போகாது. இன்னும் உள்ளே தள்ளி, ஓரத்தை ஒட்டி வரும். சைக்கிள் நின்ற இடைவெளி நொடியில் மறைந்துவிடும். வண்டியை ஒட்டி நிற்கும் சைக்கிள், உயரத்தில் இருக்கும் டிரைவருக்குக் கண்ணாடியில்கூடத் தெரியாமல் போகலாம்.

லண்டனில் பல சிக்னல்களில், மற்ற வண்டிகள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்றே தனிக் கட்டம் உண்டு. டிரைவர்களின் கண்முன்னே சைக்கிள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தக் கட்டம் இல்லாத நம் ஊரில்?

* பெரிய வண்டியின் பக்கவாட்டில் நுழையாதீர்கள். இடைவெளி விட்டு அதன் பின்னால் நில்லுங்கள்.

* நேராகப் போகிறவர்கள் 'ஃப்ரீ லெஃப்ட்' பாதையில் நிற்க வேண்டாம்.

* நடந்து போகிறவர்களுக்கான வெள்ளைக் கோடுகளுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

* பேருந்தையோ ஆட்டோவையோ பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். காலைத் தரையில் ஊன்றுங்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

* சைக்கிளுக்கு பிரேக் லைட் கிடையாது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நிற்கப்போகிறவர்கள் கையை உயர்த்திக் காட்டுவார்கள். நாமும் பழகலாம்.

* வலதுபக்கம் திரும்ப பயமா? இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை

பச்சை விழுந்ததும் முன்னால் நிற்கும் சைக்கிளைப் பார்த்து ஹாரன் அடிக்காதீர்கள். மிதித்து நகர அவர்களுக்கு இரண்டு, மூன்று நொடி கூடுதலாகத் தேவை. பதற்றத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாக இருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளையைப் பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள சிக்னலுக்குக் கூட்டிப்போங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே நின்று காட்டுங்கள். திங்கள்கிழமை வாசலில் நின்று 'ஓரமாப் போ' என்பதோடு, 'பஸ் பக்கத்துல நிக்காதே' என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.