நுரை அடங்கினால் மாவைக் கொட்டாதீர்கள்!

கடையில் ஈஸ்ட் வாங்காமலே ரொட்டி சுட முடியும். கோதுமை மாவிலேயே காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலந்திருக்கின்றன. அவற்றை வளர்த்தெடுக்கும் புளித்த மாவுக் கலவைதான் 'சவர்டோ ஸ்டார்ட்டர்'.

சுத்தமான கண்ணாடிப் போத்தலில் 50 கிராம் ஆட்டா மாவையும் 50 கிராம் தண்ணீரையும் கலந்து, இறுக்காமல் மூடி வையுங்கள். மறுநாள் முதல் தினமும் 50 கிராம் கலவையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அகற்றிவிட்டு, அதே அளவு மாவும் தண்ணீரும் புதிதாகச் சேருங்கள்.

இரண்டாம் நாளிலேயே கலவை நுரைத்து எழலாம். அது ஈஸ்ட்டின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்! பெரும்பாலும் லூக்கோநோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுவே அதற்குக் காரணம். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இந்த லூக்கோநோஸ்டாக் வகைதான்.

அடுத்த ஓரிரு நாளில் நுரை அடங்கிவிடும். மாவு கெட்டுவிட்டதென்று பலர் கொட்டிவிடுவது இப்போதுதான். ஆனால், உள்ளே லாக்டிக் அமிலம் கூடிக்கொண்டிருக்கிறது. அந்தப் புளிப்பு, முதலில் பெருகிய பாக்டீரியாக்களை ஒடுக்குகிறது. புளிப்பைத் தாங்கும் காட்டு ஈஸ்ட்டும் வேறு லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன.

அதனால் ஒரு வாரம், பத்து நாள் விடாமல் மாவு சேருங்கள். பூஞ்சையோ இளஞ்சிவப்பு நிறமோ தெரிந்தால் மட்டும் முழுவதையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மாவின் உயரத்தைக் காட்ட, போத்தலில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். மாவு சேர்த்த சில மணி நேரத்தில் கலவை இரு மடங்காக உயர்வது தினமும் தொடர்ந்தால், ரொட்டி சுடலாம்!