சத்தாரின் சேமிப்பும் மெஹரின் வேலையும்

பம்பாய்க்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு முழுப் பெண்ணாகத் திரும்ப வேண்டும். அதற்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கிறாள் சத்தார். அவள் மனதில் இருப்பவன் சரவணன். அவனோ சத்தாரின் சகோதரி சாஹிராவை விரும்புகிறான். உண்மை தெரிந்ததும் நொறுங்கிப்போகிற சத்தார், சேர்த்த பணத்தை எடுத்து அந்த ஜோடியின் கையில் கொடுத்து ஊரைவிட்டு அனுப்பிவைக்கிறாள். அதன்பின் வீடு அவளைத் துரத்துகிறது. வன்முறைக்கு ஆளாகித் தெருவில் ஓடிவந்து கதவு கதவாகத் தட்டும்போது ஒரு கதவும் திறக்கவில்லை.

2020 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’ இது. சத்தாராக நடித்த காளிதாஸ் ஜெயராமைப் பாராட்டாதவர்கள் குறைவு. பாராட்டுக்குத் தகுதியான நடிப்புதான். திருநங்கை என்றாலே கைதட்டிக் காசு கேட்கும் நகைச்சுவைக் காட்சி என்று வைத்திருந்த தமிழ்த் திரையில், ஒரு கதை முழுக்க ஒரு திருநங்கையின் ஆசையையும் வலியையும் பின்தொடர்ந்தது என்பதே பெரிய மாற்றம்.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. சத்தார் எதற்காகப் படைக்கப்பட்டாள்? பிறருக்குக் கொடுப்பதற்கு. காதலைக் கொடுத்தாள், பணத்தைக் கொடுத்தாள், கடைசியில் உயிரையும் கொடுத்தாள். அவள் செத்த பிறகுதான் ஊருக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது, பார்ப்பவர்களுக்குக் கண்ணீர் வருகிறது. பால்புதுமையினர் செத்தால்தான் கண் கலங்குவோம் என்றால், பிழைத்துக் கிடப்பவர்களின் கதையை யார் பார்ப்பது?

அந்தக் கதையை எடுத்துக் காட்டியது அமேசான் பிரைமின் ‘மேட் இன் ஹெவன்’. ஜோயா அக்தரும் ரீமா காக்தியும் உருவாக்கிய இந்தி தொடர். முதல் பருவம் 2019 மார்ச்சில் வந்தது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தொடரின் கதையோ அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலத்தில் நடக்கிறது. டெல்லியில் பணக்காரர்களுக்குக் கல்யாணம் நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தின் பங்குதாரர் கரண் மெஹ்ரா. அவனுடைய வீட்டுச் சொந்தக்காரர் மறைவாகக் கேமரா வைத்துப் படம் பிடித்துப் போலீஸில் கொடுக்கிறார். லாக்கப்பில் அவமானப்படுத்தப்படுகிறான். வெளியே வந்ததும் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடுகிறான்.

இதோடு நின்றிருந்தால் அவனும் ஒரு தியாகியாகியிருப்பான். எழுத்தாளர்கள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னை நேசித்த நண்பனையே, தான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக மற்றவர்களோடு சேர்ந்து வதைத்தவன் இந்தக் கரண். கடன் வாங்குவான், பொய் சொல்வான், வேலையில் கெட்டிக்காரன். நல்லவன் என்று சான்றிதழ் காட்டினால்தான் அவனுக்கு நியாயம் கேட்கலாம் என்ற நிபந்தனையைத் தொடர் தூக்கி எறிந்தது. இந்தப் பாத்திரத்துக்காக அர்ஜுன் மாத்தூர் 2020இல் சர்வதேச எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

2023 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பருவம் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. நிறுவனத்தில் புதிதாகச் சேரும் மெஹர் ஒரு திருநங்கை. நடித்த திரிநேத்ரா ஹல்தார் கும்மராஜுவும் திருநங்கைதான், மருத்துவம் படித்தவர். மெஹருக்குக் கல்யாண வேலைகளை ஓட்டும் பொறுப்பு இருக்கிறது, காதல் தேடும் தவிப்பும் இருக்கிறது. தன்னைப் பற்றி எந்த நேரத்தில் சொல்வது, சொன்னபின் எதிரே இருப்பவன் முகம் எப்படி மாறும் என்ற பயத்தை ஒப்பனையால் கொண்டுவர முடியாது.

அதே ஆகஸ்டில் ஜியோ சினிமாவில் ‘தாலி’ என்ற இந்தித் தொடர் வந்தது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014 தீர்ப்புக்கான வழக்கில் மனுதாரர்களில் ஒருவரான கௌரி சாவந்தின் வாழ்க்கை. கௌரியாக நடித்தவர் சுஷ்மிதா சென். அவர் உழைப்பில் குறை இல்லை. ஆனால் திருநங்கைகளின் உரிமையைப் பேசும் கதையிலேயே முதன்மை வேடம் திருநங்கைக்கு இல்லை என்பது மனதைக் கஷ்டப்படுத்துகிறது. பிரபலமான முகம் இருந்தால்தான் ஆள் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். வாய்ப்பே கொடுக்காவிட்டால் அந்த முகம் எப்போது பிரபலமாவது?

அமெரிக்காவும் இதைத் தாண்டித்தான் வந்தது. அமேசானின் ‘டிரான்ஸ்பேரன்ட்’ தொடரில் திருநங்கையாக நடித்த ஜெஃப்ரி டாம்போர், 2016இல் எம்மி விருதை வாங்கிய மேடையிலேயே, இப்படிப்பட்ட வேடத்தில் நடிக்கும் கடைசி ஆண் தானாக இருந்தால் வருத்தமில்லை என்றார். இரண்டே ஆண்டில் வந்த ‘போஸ்’ தொடரில் முக்கியத் திருநங்கை வேடங்கள் எல்லாவற்றிலும் திருநங்கைகளே நடித்தார்கள். அதன் நாயகி எம்.ஜே. ரோட்ரிகஸ் 2022இல் கோல்டன் குளோப் வென்றார்.

தமிழுக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரீமிங் என்ற பேச்சே இங்கே இல்லாத 2008இல், விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ என்று தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார் ரோஸ் வெங்கடேசன். ஒரு திருநங்கை நம் வீட்டு வரவேற்பறைக்கு வந்து, எதிரே உட்கார்ந்தவர்களிடம் கேள்வி கேட்டார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். 2011இல் ‘நர்த்தகி’ படத்தில் திருநங்கையான கல்கி சுப்ரமணியம் நாயகியாகவே நடித்தார். 2022இல் கேரள அரசின் திரைப்பட விருதுகளில் ‘அந்தரம்’ மலையாளப் படத்துக்காகத் திருநர் பிரிவில் விருது பெற்ற நேகா, தமிழ்நாட்டுக்காரர். ‘தங்கம்’ போன்ற அடுத்த கதையை எழுதப்போகிறவர்கள் ஆள் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை.