பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீரா? கதவை மாற்றும் முன் வடிகாலைப் பாருங்கள்!

2024 ஜூலை 16. கனடாவின் டொரன்டோ விமான நிலையத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர் மழை கொட்டியது. டான் வேலி நெடுஞ்சாலையில் கார்கள் தண்ணீரில் சிக்கி நின்றன. ராப் பாடகர் டிரேக்கின் மாளிகைக்குள் சேற்றுத் தண்ணீர் பாய்ந்த வீடியோ உலகமெங்கும் பரவியது.

டிரேக்குக்கு மாடி இருக்கிறது, ஏறிக்கொள்ளலாம். பேஸ்மென்ட்டில் மட்டுமே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?

டொரன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் தமிழர்கள் அதிகம். அங்கே வீடு வாங்குபவர்கள் பலர், கடன் தவணையைச் சமாளிக்க பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுகிறார்கள். நம்மூரிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளின் முதல் முகவரியும் பெரும்பாலும் அதுதான். குளிர்காலத்தில் அந்த ஊர் மண் சுமார் நான்கு அடி ஆழம்வரை உறையும். அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். அவ்வளவு ஆழம் தோண்டிய பிறகு மண்ணைப் போட்டு மூடுவானேன் என்று அறையாக்கிவிடுகிறார்கள்.

வாடகைக்கு விட, பக்கவாட்டில் தனி வாசல் வைப்பார்கள். சுவரை வெட்டி, வெளியே ஏழெட்டுப் படிகள் இறக்கி, கீழே சின்ன கான்கிரீட் தளம், அதை ஒட்டிக் கதவு. கிட்டத்தட்ட ஒரு கிணறுதான். தண்ணீர் வெளியேற இருப்பது தளத்தின் நடுவில் உள்ளங்கை அகல வடிகால் ஒன்று மட்டுமே. இலையுதிர் காலத்தில் நாலு மேப்பிள் இலை விழுந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

கதவடியில் ஈரத்தைப் பார்த்ததும் பலர் முதலில் வாங்கி வருவது சிலிக்கான் டியூப். இடுக்கையெல்லாம் பூசுவார்கள். அடுத்த மழையில் மறுபடி ஈரம். உடனே 'கதவு சரியில்லை' என்று புதுக் கதவுக்குச் செலவு. ஆனால், கதவு மழைச்சாரலைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது. தொட்டித் தண்ணீரைத் தாங்க அல்ல. தளத்தில் தண்ணீர் நின்றால் எந்தக் கதவும் ஒழுகும்.

எங்கே ஒழுகுகிறது என்பதைத் தோட்டக் குழாயை வைத்தே கண்டுபிடிக்கலாம். மழையில்லாத நாளில், ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். வெளியே இருப்பவர் முதலில் வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். மளமளவென்று இறங்காவிட்டால் நோய் அங்கேதான். இறங்கினால் குழாயைக் கதவடியில் காட்டி, பத்து நிமிடம் பொறுத்து, பக்கச் சட்டத்துக்கும், பிறகு மேலேயும் போகலாம். எடுத்தவுடன் மேலிருந்து தண்ணீர் அடித்தால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது.

கதவடிதான் குற்றவாளி என்றால், தேய்ந்த ரப்பர் பட்டையை மாற்றினாலே சில சமயம் போதும். சிலிக்கான் பூசுவதாக இருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி, காயவிட்டுப் பூச வேண்டும். பழசின் மேலேயே பூசினால் உரிந்துவிடும். நிலைப்படி தளத்தைவிட ஆறு அங்குலமாவது உயர்ந்திருந்தால் நல்லது.

அடுத்தது கூரை. 50 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். அந்தக் கூரைக்குழாய் படிக்கட்டுப் பக்கமாகக் கொட்டினால் பாவம், வடிகால் என்ன செய்யும்? குழாயை நீட்டி, தெருப் பக்கம் சரியும் இடத்தில் தண்ணீரை விட வேண்டும். படிக்கட்டின் தலைப்பில் சில அங்குல உயரத்துக்கு ஒரு கட்டை கட்டினால், முற்றத்துத் தண்ணீர் கீழே இறங்காது. மேலே ஒரு கூரைத்தட்டியும் போடலாம்.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வராமலிருக்க, தடுப்பு வால்வு பொருத்துகிறார்கள். டொரன்டோ மாநகராட்சி இதற்கு மானியமும் தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், படிக்கட்டு வடிகாலும் அதே குழாயில் வீட்டுப் பக்கமாகச் சேர்ந்திருந்தால், வால்வு மூடியதும் அந்தத் தண்ணீருக்கும் வழி அடைபடும். சாக்கடை வராது, மழைநீர் தேங்கும்! வடிகால் எங்கே சேர்கிறது என்று பிளம்பரிடம் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் அந்தத் தண்ணீரைக் குழித்தொட்டிக்குத் திருப்பி, மோட்டார் வைத்து வெளியேற்ற வேண்டும்.

தொல்லை தாங்காமல் சிலர் அந்தக் கதவையே பலகை அடித்து மூடுவதுண்டு. அதை மட்டும் செய்யவே கூடாது. தீப்பிடித்தால் கீழே தூங்குபவருக்கு அதுவே வழி. வெளியே இரண்டடி தண்ணீர் நின்றால், மூன்றடி அகலக் கதவின்மீது சுமார் 170 கிலோ அழுத்தம் விழும். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் தாழ்ப்பாளை நீக்கியதும் ஆளையே தள்ளிவிடும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே உள்படி வழியாக மேலே போய்விடுவதுதான் பாதுகாப்பு. பிளக் பாயின்ட்டைத் தண்ணீர் தொட்டிருந்தால் திரும்பக் கீழே இறங்கவே வேண்டாம்.

கனடாவில் பேஸ்மென்ட் அறை பார்க்கப் போகும் மாணவர்கள் வாடகையும் வைஃபையும் கேட்பதோடு, படிக்கட்டுக்குக் கீழே அந்த வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். உள்ளிருந்து மேலே ஏற வழி உண்டா, அது பூட்டியிருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.