வசந்தம் வந்தாச்சு... பார்த்தீங்களா?

பிள்ளைகளே, வசந்த காலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பனி உருகும், புல் தளிர்க்கும், எங்கு பார்த்தாலும் பூப்பூவாக இருக்கும்... ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படம் அப்படித்தான் போட்டிருக்கும். நம் மதுரையில் அப்படியா இருக்கிறது? வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தெருவெல்லாம் சருகும் புழுதியும்தான். 'நம்ம ஊருக்கு வசந்தம் ஏது? வெயில், அதைவிட்டா கடும் வெயில்' என்று பெரியவர்களே சொல்வார்கள்.

அது சரியில்லை. வசந்தம் நம் ஊருக்கும் வருகிறது. வேறு வேஷத்தில் வருவதால் நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில், அதாவது வசந்தம். ஆனால் மரமும் பறவையும் காலண்டரைப் பார்த்தா கிளம்புகின்றன? மாசியிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் பனி, பதினொரு மணிக்கெல்லாம் வெயில் என்று இருக்குமே, அந்த நாட்களில்தான் நாம் நடக்கக் கிளம்ப வேண்டும். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம். வண்டியூர் கண்மாய்க் கரைக்குப் போகலாம். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம் இன்னும் நல்லது. எங்கே போனாலும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கும் போக முடியாவிட்டால் உங்கள் தெருவே போதும்.

முதல் அடையாளம் என்ன தெரியுமா? இலை விழுவது!

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் தனி, வசந்தம் தனி. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் குளிர்காலம் இருக்கும். நம் ஊர்ப் புங்க மரத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி, வாசல் பெருக்குகிறவர்கள் அலுத்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டும். மொட்டையாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சில நாட்களில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும் இளம்பச்சை இலை மரம் முழுக்க வந்துவிடும். ஒரே கிளையில் பழுப்பும் தளிரும் சேர்ந்து இருப்பதைக்கூடப் பார்க்கலாம். அரச மரமும் அப்படித்தான். அதன் தளிர் தாமிரச் செம்பு நிறம். காலை வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் இலைக்குள் ஓடும் நரம்பெல்லாம் தெரியும்.

மழையே இல்லாத நேரத்தில் மரத்துக்கு எதற்கு இந்த வேலை? பழைய இலை நிறைய இருந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அதை உதிர்க்கிறது. பிறகு ஆழமாகப் போன வேர் எடுத்துத் தரும் தண்ணீரை வைத்துப் புது இலை விடுகிறது. மழை வரும்போது இலை தயாராக இருந்தால் உடனே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடலாம் அல்லவா? தளிரில் தெரியும் சிவப்பு நிறமி, பிஞ்சு இலையைக் கடும் வெளிச்சத்திலிருந்து காக்கும் குடை மாதிரி.

சில மரங்கள் இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும். கல்யாண முருங்கை தெரியும்தானே? சளி பிடித்தால் வீட்டில் அடை சுட்டுத் தருவார்களே, அந்த இலை மரம். முள் நிறைந்த மொட்டைக் கிளையில் செக்கச்செவேல் என்று பூ நிற்கும். முள்ளிலவும் அப்படியே. அதன் பூ பெரியது, கிண்ணம் போல இருக்கும். இந்தப் பூக்களில் தேன் நிறைய. அதனால் மைனா, காகம், தேன்சிட்டு எல்லாம் அங்கே கூடிச் சண்டை போடும். மரம் எங்கே என்று தெரியாவிட்டால் அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

புளிய மரத்துக்கு இது உலுக்கும் காலம். மாசி, பங்குனியில் மதுரையிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் மரத்தடியில் புளியம்பழம் பொறுக்குகிறவர்களைப் பார்க்கலாம். முன்பெல்லாம் சாலையின் இருபுறமும் வரிசையாக நின்றன இந்த மரங்கள். நான்கு வழிச் சாலைகள் போட்டபோது எத்தனையோ மரங்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துக் கோயில் பக்கம் இலுப்பை மரம் இருந்தால் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வெளிர் மஞ்சளாய், சதைப்பற்றாய்ப் பூ உதிர்ந்து கிடக்கும். இனிக்கும்! 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்ற பழமொழி சும்மா வந்ததல்ல. இரவில் வௌவால்களுக்கு அங்கே விருந்து.

இனிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குயில் நம் ஊரைவிட்டு எங்கும் போவதில்லை. குளிர் மாதங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கும். மாசி பிறந்தால் அதிகாலையிலேயே கூவத் தொடங்கிவிடும். கூவுவது ஆண் குயில், கன்னங்கரேல் என்று சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பலர் அதைப் பார்த்தும் குயில் என்று தெரியாமல் போய்விடுவார்கள். குயில் கூவும் நேரத்தில் காகம் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். குச்சியும் கம்பியும் தூக்கிக்கொண்டு கூடு கட்ட அலையும். அந்தக் கூட்டில்தான் குயில் திருட்டுத்தனமாக முட்டை வைக்கும்.

வருகிறவர்கள் மட்டுமல்ல, ஊருக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. குளிர் மாதங்களில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகள் விருந்தாளிகள். வால் கத்தரிக்கோல் போலப் பிளந்திருக்கும். வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும். வந்த பறவையை எல்லாரும் பார்ப்பார்கள். போன பறவையை யார் கவனிக்கிறார்கள்? 'இன்று கம்பியில் ஒன்றுகூட இல்லை' என்று ஒருவர் எழுதி வைத்தால்தான் அது போன நாள் தெரியும்.

இதையெல்லாம் எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்றொருவர் இருந்தார். 1736ல் தொடங்கி, தன் ஊரில் எந்த மரம் என்று தளிர்த்தது, தவளை என்று கத்தியது, முதல் தகைவிலான் என்று வந்தது என்று ஆண்டுதோறும் குறித்தார். அவருக்குப் பின் அவர் வம்சத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த நாட்களைப் பற்றி 1,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குறிப்புகள் உண்டு. 2021ல் அங்கே மார்ச் 26ம் தேதியே பூத்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அதுவரை பூத்ததே இல்லை! பூமி சூடாகிறது என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக விஞ்ஞானிகள் காட்டுகிறார்கள். யாரோ பொழுதுபோகாமல் எழுதிய தேதி எப்படி உதவுகிறது, பார்த்தீர்களா?

நம் நாட்டிலும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மரத்தைப் பார்த்துக் குறித்து வருகிறார்கள். கேரளப் பிள்ளைகள்தான் இதில் முன்னணி. அங்கே சித்திரை விஷுவுக்குச் சரக்கொன்றைப் பூ வேண்டும். ஆனால் பல இடங்களில் பிப்ரவரி, மார்ச்சிலேயே அது பூத்துவிடுவதை அந்தக் குறிப்புகள் காட்டுகின்றன. நம் ஊர்க் கொன்றை எப்போது பூக்கிறது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். மஞ்சளாக இருப்பதெல்லாம் சரக்கொன்றை என்று எழுதிவிடாதீர்கள். சரம் சரமாகக் கீழே தொங்கினால்தான் சரக்கொன்றை. பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் அது பெருங்கொன்றை, வேறு மரம்.

எப்படி எழுதுவது? ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து மரம் எடுத்தால் மூன்றாவது வாரமே சலித்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அதே மரத்தடிக்குப் போய்த் தேதி, பழைய இலை, தளிர், மொட்டு, பூ, காய் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். பூ இல்லையென்றால் 'இல்லை' என்று கட்டாயம் எழுத வேண்டும். சென்ற ஞாயிறு இல்லை, இந்த ஞாயிறு இருக்கிறது என்றால்தானே பூத்த வாரம் தெரியும்?

எந்த மரம் என்று குழம்பினால் வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வேம்பு இல்லாத தெருவைக் காண்பது அரிது. முதலில் இலை உதிரும். பிறகு செந்தளிர். பங்குனியில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. சாயங்காலம் தேன் மணம் தெருவுக்கே வரும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் பூ மண் ஒட்டாமல் கிடைக்கும். ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று மாங்காய், வெல்லத்தோடு அது பச்சடியில் சேரும். மிச்சத்தைக் காய வைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு.

புத்தாண்டு முடிந்ததும் இன்னொரு வேடிக்கை. ஏப்ரல் 15, 16 வாக்கில் மதுரையில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். 12 மணி 10 நிமிடத்துக்கே ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுக் காத்திருங்கள். 12 மணி 18 நிமிட அளவில் குச்சியின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதுங்கள். தொப்பி போட மறக்காதீர்கள்!